ஜுசேப்பே பியாட்சி

ஜுசேப்பே பியாட்சி (ஜூலை 16, 1746 – ஜூலை 22, 1826) இத்தாலிய வானியலாளரும் கணிதவியலாளரும் கத்தோலிக்கத் துறவியும் ஆவார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றிவரும் செரஸ் என்னும் வான்பொருளை 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கண்டுபிடித்தவர் இவரே. மனிதர் அறிந்த முதல் சிறுகோள் செரஸ் ஆகும். இது கோளாகவும், பின்னர் சிறுகோளாகவும் கருதப்பட்டு, 2006 முதல் குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டுள்ளது. பியாட்சி கண்டுபிடித்த சிறுகோள் இது ஒன்றே. அவரது வாழ்நாளின் பெரும்பகுதி சிறுகோள்களைத் தேடுவதில் கழியவில்லை. ஏறத்தாழ எட்டாயிரம் விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்து பட்டியலிடுவதிலேயே கழிந்தது. செரஸ் அந்தப் பணியின் இடையே அகப்பட்டது.

இளமை

பியாட்சி ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள வால்தெல்லினா பள்ளத்தாக்கில், போந்தே என்னும் சிற்றூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இத்தாலி ஒரே நாடாக அப்போது உருவாகியிருக்கவில்லை. இப்பள்ளத்தாக்கு இன்றைய சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியினரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இளம் வயதிலேயே மிலான் நகரில் தியேத்தின் துறவற சபையில் சேர்ந்தார். மிலான், தூரின், ரோம் ஆகிய நகரங்களில் கல்வி பயின்றபின், சபையின் வழக்கப்படி ஜெனோவா, மால்ட்டா, ரவென்னா முதலிய பல இடங்களில் மெய்யியலும் கணிதமும் கற்பித்தார். 1781 இல் பலெர்மோவில் இருந்த அரச கல்விக்கழகத்தில் உயர் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

இதுவரை அவரை வானியலாளர் என்று சொல்ல இடமில்லை. சிசிலியின் அரசப் பிரதிநிதியாக இருந்த கரமானிக்கோ இளவரசர் பலெர்மோவில் ஒரு வானாய்வகம் அமைக்க விரும்பினார். அதற்காக 1787 இல் பியாட்சி வானியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது; வான்நோக்கலில் பெரிய பட்டறிவு ஏதும் இல்லை. கட்டடத்தை எழுப்புவதற்கு முன் தொழிலைக் கற்றுக்கொள்வதற்காகவும் கருவிகள் வாங்குவதற்காகவும் அவர் பாரிசுக்கும் லண்டனுக்கும் பயணமானார்.

ராம்ஸ்டன் செய்த வட்டம்

பாரிசில் லாலாந்த் என்னும் புகழ்பெற்ற வானியலாளரிடம் பியாட்சி பயிற்சி பெற்றார். இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவரான மாஸ்கலினுடன் பழகினார். 1788 ஜூனில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை அங்கிருந்து நோக்கினார். யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலையும் சந்தித்தார். ஹெர்ஷலின் பெரிய தொலைநோக்கியின் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்றும் கூறப்படுவதுண்டு.

எனினும் இந்தப் பயணத்தின் உண்மையான பயன் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்னும் கருவி வினைஞர் செய்து கொடுத்த அளவுக் கருவியே. ராம்ஸ்டன் அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த கருவி வினைஞர். ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த காலத்தில் முடிக்காதவர் என்றும் பெயர் பெற்றவர். பியாட்சி அவரது பட்டறையை விட்டு அகலாமல் இருந்து, 1789 இல் வேலையை முடிக்க வைத்தார். ஏறத்தாழ 5 அடி (1.5 மீட்டர்) குறுக்களவு கொண்ட ஒரு நிலைக்குத்து வட்டமும், அதனுடன் சுழலும் தொலைநோக்கியும் இக்கருவியின் முதன்மை உறுப்புகள். தொலைநோக்கியின் வில்லை 7.5 செ.மீ. அளவே கொண்டது. இன்றைய பொழுதுபோக்கு வானியலாளர்கள் பலரிடம் இதைவிடப் பெரிய தொலைநோக்கி உண்டு. ஆயின் இக்கருவியின் வலிமை பெருக்கத்தில் இல்லை, அளவீட்டில் இருந்தது.

அதுவரை பெரும்பாலான வானாய்வகங்களில் கால்வட்டக் கருவிகளே பயன்பட்டன. சுவரில் பொருத்தப்பட்ட கால்வட்டம் தன் எடையாலும் வெப்ப மாற்றத்தாலும் சற்றே உருமாறினால், கோண அளவில் பிழை நேரும். அப்பிழையைக் கண்டறிவதும் கடினம். முழு வட்டத்திலோ ஒன்றுக்கொன்று எதிரான இரு புள்ளிகளிலும் கோணத்தை நுண்ணோக்கி மூலம் படித்துச் சராசரி காணலாம். வட்டத்தின் மையம் சிறிது விலகியிருப்பதால் ஒரு பக்கத்தில் கூடும் அளவு மறுபக்கத்தில் குறையுமாதலால், அப்பிழை தானாகவே நீங்கிவிடும். இந்த எளிய வடிவியல் உண்மைதான் பலெர்மோ அளவீடுகளைக் கோண நொடிகள் அளவுக்குத் துல்லியமாக்கியது.

பலெர்மோ அரச அரண்மனையின் சாந்தா நின்ஃபா கோபுரத்தின் உச்சியில் 1790 இல் வானாய்வகம் நிறுவப்பட்டது. ராம்ஸ்டனின் வட்டம் அங்கே பொருத்தப்பட்டு, 1791 இல் நோக்கீடுகள் தொடங்கின. வடக்கு அகலக்கோடு 38 பாகையில் அமைந்த இது, அக்காலத்தில் ஐரோப்பாவின் தென்கோடியில் அமைந்த வானாய்வகங்களுள் ஒன்றாக இருந்தது. வடக்கு நகரங்களில் அடிவானத்தை ஒட்டி மங்கித் தெரிந்த தென் விண்மீன்கள் இங்கு நன்கு உயர்ந்து தெரிந்தன.

விண்மீன் பட்டியலும் அதன் முறையும்

பழைய பட்டியல்களில் பிழைகள் மலிந்திருந்தன. விண்மீன்களின் இடங்களைப் புதிதாக அளந்து பிழையற்ற பட்டியல் ஒன்றை உருவாக்குவதே பியாட்சியின் திட்டம். ஒரு விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தாலும், அப்போது அதன் உயரத்தை வட்டத்தாலும் அளந்தால் வானில் அதன் இடம் கிடைத்துவிடும். பியாட்சி ஒரே அளவீட்டை நம்பவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளந்து, அளவுகள் ஒத்திருந்தால் மட்டுமே பட்டியலில் சேர்த்தார்.

இந்த விதியை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. செரஸ் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பல நூல்கள் ஒரு வரியில் கூறிச் செல்கின்றன. பியாட்சி அதைத் தேடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு புள்ளியை ஒரு முறை மட்டும் அளந்துவிட்டு அடுத்ததற்குச் செல்பவருக்கு, எட்டாம் ஒளியளவு கொண்ட செரசும் மற்றுமொரு மங்கலான விண்மீனாகவே தோன்றியிருக்கும். அடுத்த இரவு அதே இடத்தை மீண்டும் அளப்பவருக்கே அது நகர்ந்தது தெரியும்.

காலியாயிருந்த இடம்

1766 இல் டீட்சியஸ் என்பவரும் பின்னர் போடெ என்பவரும் கோள்களின் தொலைவுகளில் ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினர். 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் எண்களுடன் 4 ஐக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 எனக் கிடைக்கும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை 1 எனக் கொண்டால், இவை முறையே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், (எதுவுமில்லை), வியாழன், சனி ஆகியவற்றின் தொலைவுகளை நெருங்கி நிற்கின்றன. 1781 இல் கண்டறியப்பட்ட யுரேனசின் தொலைவு 19.2. விதி தரும் எண் 19.6. இதனால் விதியின்மேல் நம்பிக்கை வலுத்தது. அப்படியாயின் 2.8 தொலைவில் இருக்கவேண்டிய கோள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. (இவ்விதிக்கு இயற்பியல் அடிப்படை எதுவும் நிறுவப்படவில்லை, 1846 இல் கண்டறியப்பட்ட நெப்டியூன் இதற்குச் சற்றும் பொருந்தவில்லை.)

1800 செப்டம்பரில் செருமனியின் லிலியந்தால் நகரில் பான் சாக் முதலான வானியலாளர்கள் கூடி, விண்ணை 24 பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியில் இக்கோளைத் தேடுவதெனத் தீர்மானித்தனர். 'வான் காவலர்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட இவர்கள் சேர்த்துக்கொள்ள எண்ணியவர்களுள் பியாட்சியும் ஒருவர். ஆனால் அழைப்பு அவரை அடையுமுன்னரே அவர் அதைக் கண்டுவிட்டார்.

1801 ஜனவரி 1

அன்றிரவு பியாட்சி ரிஷபம் (இடபம்) விண்மீன் குழுவில், வொலாஸ்டன் என்பவரின் பட்டியலில் குறிக்கப்பட்டிருந்த ஒரு விண்மீனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்னதாக மங்கலான வேறொரு புள்ளி உச்சிவட்டத்தைக் கடந்தது. நேரம் இரவு 8 மணி 43 நிமிடம். வழக்கப்படி அதன் இடத்தையும் குறித்துக்கொண்டார். மறுநாள் அளந்தபோது இரு இரவுகளின் அளவுகளும் ஒத்துவரவில்லை. முதல்நாள் அளவில் பிழை நேர்ந்திருக்கலாம் என்றே அவர் முதலில் ஐயுற்றார். மூன்றாம் நாளும் அது இடம்பெயர்ந்திருந்தது. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் நகர்ந்தது. எனவே அது விண்மீன் அன்று.

சில நாட்களில் அதன் ஓட்டம் நின்று, திசை மாறியது. பின்னோக்கிச் சென்றது முன்னோக்கி நகரத் தொடங்கியது. பஞ்சாங்கங்களில் வக்ரம், வக்ர நிவர்த்தி என்று குறிக்கப்படுவதும் இத்தகைய தோற்ற இயக்கமே. சூரியனைச் சுற்றும் பொருளைச் சூரியனைச் சுற்றும் பூமியிலிருந்து பார்ப்பதால் இது நிகழ்கிறது.

ஜனவரி 24 அன்று பியாட்சி ஓரியானிக்கும் போடெக்கும் மடல்கள் எழுதினார். லாலாந்துக்கும் செய்தி அனுப்பினார். பெர்லினில் இருந்த போடெக்கு எழுதியபோது வால்வெள்ளி ஒன்றைக் கண்டதாக மட்டும் குறிப்பிட்டார். மிலானில் இருந்த ஓரியானி அவருடைய நண்பர். அவரிடம் மட்டும், இதனைச் சூழ்ந்து புகைப்படலம் எதுவும் தெரியவில்லை, இயக்கமும் மெதுவாகவும் சீராகவும் உள்ளது, ஆதலால் வால்வெள்ளியைவிட மேலான ஒன்றாக இருக்கக்கூடும் என்ற தன் எண்ணத்தை வெளியிட்டார்.

பிப்ரவரி 11 வரை மொத்தம் 24 முறை அதனை நோக்கினார். இடையே முகிலும் நோயும் தடுத்தன. அதன்பின் ராம்ஸ்டன் வட்டத்தால் அதனைத் தொடர இயலவில்லை. உச்சிவட்டத்தில் மட்டுமே அளக்கும் முறைக்கு இது ஒரு குறை: நாள்தோறும் செரஸ் முன்னதாகவே உச்சிவட்டத்தைக் கடந்து, இறுதியில் சூரியன் மறையுமுன்னரே கடக்கத் தொடங்கிவிட்டது.

தொலைந்த கோள்

நெப்போலியன் காலப் போர்களால் அஞ்சல் மெதுவாகச் சென்றது. போடெக்கு மடல் கிடைத்தது மார்ச் 20 இல்; ஓரியானிக்குக் கிடைத்தது ஏப்ரல் 5 இல். மடல்களில் இரண்டு நாட்களுக்குரிய இடங்களே தரப்பட்டிருந்தன. இரண்டு புள்ளிகளைக் கொண்டு சுற்றுப்பாதையைக் கணிக்க முடியாது. பியாட்சி முழு அளவீடுகளையும் தாமே வைத்துக்கொண்டு, பாதையைத் தாமே கணித்துவிட முயன்றார். ஏப்ரல் 11 இல்தான் முழுப் பட்டியலையும் பாரிசுக்கு அனுப்பினார். அவை அச்சில் வெளிவந்தது 1801 செப்டம்பரில், பான் சாக் நடத்திய மாத இதழில். அதற்குள் செரஸ் சூரியனின் ஒளியில் மறைந்து மறுபக்கம் சென்றுவிட்டது. மீண்டும் எங்கே தோன்றும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

இத்தாமதம் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. பியாட்சியின் புகழுக்கு இது ஒரு மறுவாகவே அன்று கருதப்பட்டது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. தாம் கண்டதைத் தாமே கணித்துச் சொல்லவேண்டும் என்ற ஆசை அக்கால வானியலாளருள் அரிதன்று; அவர் நோயுற்றும் இருந்தார். ஆனால் கணிதம் கற்பித்த பேராசிரியராக இருந்தும் அக்கணிப்பு அவருக்குக் கைகூடவில்லை. அவருக்கு மட்டுமல்ல, வேறு எவருக்கும் அப்போது கைகூடவில்லை. யுரேனசைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்க்க முடிந்ததால் அதற்கு ஒரு வட்டப்பாதை போதுமானதாக இருந்தது. வால்வெள்ளிகளுக்குப் பரவளையம் என எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கோ 41 நாட்களில் வானில் ஏறத்தாழ 3 பாகை மட்டுமே நகர்ந்த ஒரு பொருள், வட்டமும் அல்லாத பரவளையமும் அல்லாத ஒரு நீள்வட்டத்தில் சென்றுகொண்டிருந்தது.

24 வயதே ஆன கார்ல் பிரீட்ரிக் கவுஸ் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். பாதையின் வடிவத்தைப் பற்றி முன்கூட்டியே எதையும் கருதிக்கொள்ளாமல், மூன்று முழுமையான நோக்கீடுகளிலிருந்து நீள்வட்டத்தைப் பெறும் முறையை உருவாக்கினார். அவர் காட்டிய இடம், பிறர் வட்டப்பாதை கொண்டு கணித்த இடங்களிலிருந்து பல பாகைகள் விலகியிருந்தது. 1801 டிசம்பர் 7 அன்று பான் சாக் அப்பகுதியில் ஒரு புள்ளியைக் கண்டார். மோசமான வானிலைக்குப்பின் டிசம்பர் 31 இல் அது செரஸ்தான் என உறுதி செய்தார். அடுத்த ஓரிரு நாட்களில் ஓல்பர்ஸ் தனியாகவும் அதனைக் கண்டார். கவுஸ் சொன்ன இடத்திலிருந்து அரைப்பாகைக்குள் அது இருந்தது. அதன் சராசரித் தொலைவு 2.77.

இதில் கவுசின் பங்கு பலரும் அறிந்ததே. ஆனால் 3 பாகை வளைவிலிருந்து முழுப்பாதையையும் பெறவேண்டுமாயின், அளவீடுகளில் நேரும் சிறு பிழையும் முடிவில் பல மடங்காகப் பெருகும். பலெர்மோவின் அளவுகள் கோண நொடிகள் வரை நம்பத்தக்கனவாக இருந்ததாலேயே அக்கணிப்பு பலித்தது. கவுஸ் தம் முறையை விரிவுபடுத்தி 1809 இல் நூலாக வெளியிட்டார்.

பெயரும் தகுதியும்

போடெ இதற்கு யூனோ என்று பெயரிட விரும்பினார். செருமனியில் ஹேரா என்ற பெயரும் வழங்கியது. லாலாந்த் கண்டுபிடித்தவர் பெயரையே இடவேண்டும் என்றார். பியாட்சி வைத்த பெயர் 'செரஸ் பெர்டினாண்டேயா'. செரஸ் உரோமரின் தானியத் தெய்வம். கோதுமைக்குப் பெயர்பெற்ற சிசிலியின் காவல் தெய்வமாகவும் கருதப்பட்டவள். பெர்டினாண்டேயா என்பது வானாய்வகத்தின் புரவலரான அரசர் பெர்டினாண்டைக் குறிக்கும். அரசரின் பெயரைப் பிற நாட்டார் ஏற்கவில்லை. செரஸ் மட்டும் நிலைத்தது. அரசர் இக்கண்டுபிடிப்பின் நினைவாகத் தங்கப் பதக்கம் வெளியிட முன்வந்தபோது, அப்பணத்தைக் கொண்டு வானாய்வகத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தருமாறு பியாட்சி கேட்டுக்கொண்டார்.

1802 மார்ச் 28 அன்று ஓல்பர்ஸ் பல்லாஸ் என்னும் இரண்டாவது பொருளைக் கண்டார். ஒரே இடத்தில் இரண்டு கோள்கள் இருப்பது எப்படி? இரண்டும் மிகச் சிறியவை எனக் கண்ட ஹெர்ஷல், இவை கோள்கள் அல்ல என்று கூறி, 'விண்மீன் போன்றவை' எனப் பொருள்படும் அஸ்டிராய்டு என்னும் சொல்லை முன்வைத்தார். பியாட்சிக்கு அது பிடிக்கவில்லை. 'கோள் போன்றவை' எனப் பொருள்படும் பிளானெட்டாய்டு என்னும் சொல்லையே அவர் விரும்பினார். பொருளைக் கொண்டு பார்த்தால் பியாட்சியின் சொல்லே பொருத்தமானது. தமிழில் வழங்கும் 'சிறுகோள்' என்பதும் அதற்கே நெருக்கமாக உள்ளது. ஆனால் ஐரோப்பிய மொழிகளில் ஹெர்ஷலின் சொல்லே வென்றது.

பிற பணிகள்

1803 இல் 6,748 விண்மீன்கள் கொண்ட பட்டியலைப் பியாட்சி வெளியிட்டார். பிரெஞ்சு அறிவியல் நிறுவனம் அதற்குப் பரிசளித்தது. அப்பட்டியலுக்கு மாஸ்கலின் தந்த 36 அடிப்படை விண்மீன்களையே அளவுகோலாகக் கொண்டிருந்தார். அதில் நிறைவு பெறாமல், முதன்மை விண்மீன்களைச் சூரியனுடன் நேரடியாக ஒப்பிட்டு மீண்டும் அளந்தார். திருத்திய பட்டியல் 7,646 விண்மீன்களுடன் 1814 இல் வந்தது.

61 சிக்னி என்னும் விண்மீன் ஆண்டுக்கு 5 கோண நொடிக்கும் மேலாக இடம்பெயர்கிறது என்பதைத் தம் நீண்டகால அளவீடுகளிலிருந்து அவர் காட்டினார். முழுநிலவின் அகல அளவு நகர அதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் ஆகும். விண்மீன்களைப் பொறுத்தவரை இது பெரும் வேகம். 'பியாட்சியின் பறக்கும் விண்மீன்' என அது அழைக்கப்பட்டது. வேகமாக நகர்வது அருகில் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தில் பெசல் அதனைத் தேர்ந்தெடுத்து, 1838 இல் அதன் இடமாறு தோற்றத்தை அளந்து வெளியிட்டார். ஒரு விண்மீனின் தொலைவு இவ்வாறு முதன்முதலாக நிறுவப்பட்டது.

1814 ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரு குறும்பும் ஒளிந்திருந்தது. டெல்பினஸ் குழுவின் இரு விண்மீன்களுக்குச் சுவாலோசின், ரோத்தனேவ் என்ற பெயர்கள் காணப்பட்டன. அரபுச் சொற்களா, கிரேக்கச் சொற்களா என்று அறிஞர்கள் குழம்பினர். இவற்றின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் நிக்கோலாஸ் வெனட்டார் எனவரும் என்பதைப் பின்னர் தாமஸ் வெப் என்னும் ஆங்கிலேயர் கண்டார். பியாட்சியின் உதவியாளரான நிக்கோலோ காச்சதோரேயின் பெயர் இலத்தீனில் அவ்வாறு அமையும் ('வெனட்டார்', 'காச்சதோரே' இரண்டுக்கும் வேடன் என்பதே பொருள்). அனைத்துலக வானியல் ஒன்றியம் 2016 இல் இவ்விரு பெயர்களையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது.

வானியலுக்கு வெளியேயும் பியாட்சிக்குப் பணிகள் இருந்தன. 1801 இல் பலெர்மோ பேராலயத்தின் தரையில் நண்பகல் கோடு ஒன்றை அமைத்தார். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த சிசிலியின் எடை, அளவுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் ஈடுபட்டு, 1812 இல் அது பற்றிய நூலை வெளியிட்டார். 1817 இல் நேப்பிள்ஸ் நகரில் பாதியில் நின்றிருந்த கப்போதிமோந்தே வானாய்வகத்தின் கட்டுமானத்தை முடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பலெர்மோ வானாய்வகத்தைக் காச்சதோரேயிடம் விட்டுச்சென்றார். 1826 ஜூலை 22 அன்று நேப்பிள்சில் காலமானார்.

நினைவுகள்

பியாட்சி கட்டி முடித்த கப்போதிமோந்தேயிலிருந்து அன்னிபலே தே காஸ்பாரிஸ் 1849 க்கும் 1865 க்கும் இடையில் ஒன்பது சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். அவற்றுள் முதலாவதான ஹைஜியா சிறுகோள் பட்டையின் மிகப் பெரிய உறுப்பினர்களுள் ஒன்று.

1923 இல் கார்ல் ரைன்முத் கண்டுபிடித்த சிறுகோளுக்கு வரிசையில் 1000 ஆம் எண் கிடைத்தபோது, அதற்குப் பியாட்சியா எனப் பெயரிடப்பட்டது. நிலவின் மேற்கு விளிம்பில் உள்ள ஒரு கிண்ணக்குழியும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பிறந்த ஊரான போந்தேயில் அவருக்குச் சிலை உண்டு. வில்லியம் சுமித் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி பலெர்மோவில் பியாட்சியுடன் பழகி வானியலில் ஈடுபாடு கொண்டவர்; 1819 இல் நேப்பிள்சில் பிறந்த தம் மகனுக்குச் சார்லஸ் பியாட்சி சுமித் என்று பெயரிட்டார். அம்மகன் பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் ஆனார்.

2015 மார்ச் 6 அன்று நாசாவின் டான் விண்கலம் செரசின் சுற்றுப்பாதையை அடைந்து, 2018 வரை அதனை ஆய்ந்தது. ஏறத்தாழ 940 கி.மீ. விட்டமுடைய செரசின் ஓக்காத்தர் கிண்ணக்குழியில் காணப்பட்ட பளிச்சிடும் திட்டுகள், உள்ளிருந்து கசிந்த உவர்நீர் விட்டுச்சென்ற சோடியம் கார்பனேட்டு எனக் கண்டறியப்பட்டது. அதனை முதலில் காட்டிய ராம்ஸ்டனின் வட்டம் பலெர்மோ வானாய்வகத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.